நனைந்த யானை

மாசிலாமணி வீட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. எதிரே அலமாரியில், ஆப்பிரிக்கக் காட்டைப் பார்ப்பதற்கென்றே அவர் வாங்கிய பைனாகுலர் உறைக்குள்ளேயே கிடந்தது.

"ஜூலைதான் நல்ல மாசம். புல் காய்ஞ்சிருக்கும், மிருகமெல்லாம் தண்ணிக்கு வரும்" என்றது காலண்டர். ஜூலை வந்தது, கூடவே ஆடியும் வந்தது. ஆடியில் யாராவது பயணம் கிளம்புவார்களா என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

"பிப்ரவரியில போனா குட்டிகளைப் பார்க்கலாம்" என்றது. பிப்ரவரியில் மகளுக்குப் பரீட்சை. ஏப்ரலில் எல்லோருக்கும் லீவுதான். "ஐயோ, அங்கே மழை" என்றது காலண்டர்.

அடுத்தடுத்த வருஷங்களில் வந்த புதுக் காலண்டர்களும் இதையேதான் சொல்லின.

ஐந்தாம் வருஷம் பைனாகுலரின் ஒரு கண்ணில் பூஞ்சை படர்ந்தது. "இன்னொரு கண்ணும் போறதுக்குள்ள கிளம்பியே ஆகணும்" என்று அது உறையோடு உருண்டு, மாசிலாமணியின் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தவருக்குப் பாதி உலகம் வெள்ளையாகத் தெரிந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார்.

காலண்டர் பதறியது. "ஏப்ரல்லயா? மழை கொட்டுமே! அங்க போய் என்னத்தைப் பார்ப்பே?"

பெட்டிக்குள் ஏறிக்கொண்டே பைனாகுலர் சொன்னது: "நனைஞ்ச யானையை."