வேண்டாத கையெழுத்து

விடுதியைக் காலி செய்தபோது செங்குட்டுவன், பழைய வாளியோடும் மேசை விளக்கோடும் சேர்த்துத் தன் கையெழுத்தையும் வேண்டாத பொருள்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழக மறுபயன் அறையில் கொடுத்துவிட்டான். வாயால் சொன்னாலே எல்லாம் பதிவாகிற காலத்தில் அது எதற்கு? புதிதாகச் சேர்ந்த பரிதி அதை ஆசையாக எடுத்துக்கொண்டான் என்று கேட்டபோது செங்குட்டுவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மூன்று வருடமாக அவன் சுற்றிச் சுற்றி வந்த அல்லி, ஒரு நாள் கேன்டீனில் ஒரு கடிதத்தை நீட்டினாள். சிரிப்பு அத்தோடு போயிற்று.

"பரிதி எழுதினது. எழுத்து எவ்ளோ அழகு பாரேன்! நீ எனக்கு ஒரு வரி எழுதியிருப்பியா?"

அதே சாய்வு. வாலைச் சுழித்த அதே 'ழ'. அது என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தான். வேண்டாமென்று தூக்கிக் கொடுத்ததை எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் காலை மறுபயன் அறை திறக்கும்முன்பே போய் நின்றான்.

"அண்ணே, என் கையெழுத்து எனக்குத் திரும்ப வேணும்."

பொறுப்பாளர் தங்கராசு தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "மனு குடுங்க தம்பி. உங்க கைப்பட எழுதணும்."

பேனாவைப் பிடித்தான். 'அ'கூட வரவில்லை. தாளில் புழு நெளிந்த மாதிரி ஒரு கோடுதான் விழுந்தது.

தங்கராசு எட்டிப் பார்த்தார்.

"இது செல்லாதே. உங்க கையெழுத்து பரிதிகிட்டதானே இருக்கு? இப்பதான் ஒரு பொண்ணோட கேன்டீன் பக்கம் போனாரு. ஓடிப்போய் அவர்கிட்டயே எழுதி வாங்கிட்டு வாங்க."