காலி சீட்

“உப்பளத்து வெயில்ல வேலை செய்யறவனுக்கு மூலச்சூடு வராம இருக்குமா? மோர் குடிச்சா ரத்தம் நின்னுடும் தம்பி.”

“ஒரு வருஷமா குடிக்கிறியே அண்ணே, நின்னுச்சா?”

போன மாதம் தங்கராசுவோடு பேசியதை நினைத்தால், மாத்திரை வாங்க அவனோடு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் நின்றிருந்த கௌதமனுக்கு இன்னமும் எரிச்சலாக இருந்தது. இருவரும் மரக்காணம் எச்.ஐ.வி. சங்கத்து ஆட்கள். கூட்டத்துக்குக் கூட்டம் உடம்பைக் கவனிக்கச் சொல்லி எடுத்துச் சொல்பவன் கௌதமன்தான்.

அவன் குனிந்து, உட்கார்ந்திருந்த தங்கராசுவின் காதோடு சொன்னான். “நமக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. நீ பீடியையும் விடல. ஆம்பளைங்களோட பழக்கம் இருந்தா அந்த இடத்துல கிருமி தங்கி, பின்னால கேன்சரா மாறலாம். டாக்டர்கிட்ட காட்டறதுல என்ன வெட்கம்?”

“சரிப்பா. சீட் காலியா இருக்குது, உக்காரு.”

“காட்டறேன்னு சொல்லு. உக்கார்றேன்.”

கோட்டக்குப்பம் தாண்டியதும் தங்கராசு பிடிவாதத்தை விட்டான். “காட்டறேன், போதுமா?”

“ஸ்டாப்பிங்கே வந்துடுச்சு” என்று கௌதமன் நின்றபடியே வந்தான்.

ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம் கழித்துத் தங்கராசு தெளிந்த முகத்தோடு வெளியே வந்தான். “சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறாங்க. இப்பவாவது வந்தியேன்னாரு டாக்டர். இதுக்கா பயந்தேன்?”

நன்றி சொல்ல உள்ளே போன கௌதமனுக்கு டாக்டர் நாற்காலியைக் காட்டினார். “நீங்க இல்லன்னா அவர் வந்திருக்க மாட்டாரு. உட்காருங்க.”

கௌதமன் திரும்பிக் கதவைச் சாத்தினான்.

“உட்கார முடியல டாக்டர். எனக்கும் ஆறு மாசமா ரத்தம் வருது. என்னையும் பாருங்க.”