முதலில் பொங்கியது

இருக்கன்குடித் திருவிழாக் கடையில் மலிவாக வாங்கிய மண்ணெண்ணெய் ஸ்டவ், பச்சைப் பெயின்ட் மினுங்கச் சோலையம்மாள் வீட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பொட்டு வைத்தாயிற்று. பக்கத்தில் செம்பு நிறையப் பால். புது அடுப்பில் பால்தான் முதலில் பொங்க வேண்டும். பொங்கியதும் குலவை போடத் தெருப் பெண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அவள் தீக்குச்சியைக் கிழிக்கிறாள். திரிகள் ஒவ்வொன்றாய்ப் பற்ற, தீப்பெட்டி ஒட்டும் பசையில் போடும் மயில்துத்தத்தின் நீலத்தில் தீ வட்டமாய் எழும்புகிறது. "ஆத்தி, பொகையே இல்லையே!" என்று கத்துகிறாள் அடுத்த வீட்டுச் சின்னத்தாய். "இனி வெறகு பொறுக்கப் போக வேண்டாம் மதினி. காலையில அம்புட்டு நேரமும் எனக்குத்தான்!" என்கிறாள் சோலையம்மாள். வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது. தீப்பெட்டிக் கம்பெனி ஏஜெண்டு ஊர்க்காவலன், பெட்டி ஒட்டுவதற்கான மரச்சீவல் கட்டுகளை இறக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறார். "அப்ப வெறகுக்குப் போற நேரம் மிச்சந்தான தாயி? கூட ரெண்டு குரோஸ் பெட்டி ஒட்டலாமே. சாயங்காலம் வண்டி வரும்."

"மூணாப் போடுங்க அண்ணாச்சி!" சோலையம்மாளுக்கு முகமெல்லாம் பல். "பாலு எங்க ஓடிப்போகுது? மொதல்ல பசையக் காச்சிருவோம்." செம்பு ஓரமாய் நகர்கிறது, மைதா கரைத்த சட்டி ஏறுகிறது. வெள்ளைக் குமிழிகள் வெடித்து, விளிம்பைத் தாண்டிப் பசை பொங்கி வழிகிறது. சின்னத்தாய் தன்னை மறந்து குலவை போடுகிறாள். வீடு முழுக்கச் சேர்ந்து முழங்குகிறது. சோலையம்மாளும் சிரிப்போடு நாக்கைச் சுழற்றுகிறாள். அவள் விரல்கள் அதற்குள் முதல் பெட்டியை மடித்துவிட்டன.