பாகற்காய் சாட்சி

“அப்பா, இன்னும் பாகக்கா வைப்பா!”

நான்கு வயதுத் தமிழ்நிலா தட்டை நீட்டினாள். கறிவேப்பிலை கேட்டு வந்து சமையலறை வாசலில் நின்ற பக்கத்துப் போர்ஷன் ஷகீலா வாயைப் பிளந்தாள்.

“இன்னா தம்பி இது, பாகக்காயப் போயி கேட்டு வாங்கித் துன்னுது! எங்க ஆசிஃப் கழுத, சாம்பார்ல ஒரு வெண்டிக்கா மெதந்தாலே தட்டத் தள்ளிட்டு எழுந்து பூடுவான்.”

“எம் பொண்ணாச்சேக்கா! காய்னா உசுரு,” என்றான் சித்தார்த்தன்.

கரண்டியைப் பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால் கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுத்தவன் மாதிரி இருந்தது. உண்மையில் அவன் அசோக் நகரில் பைக் மெக்கானிக். போன வருஷம் வரைக்கும் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. இப்போது அவரைக்காய்க்கு நார் எடுக்கிறான், பீட்ரூட் துருவுகிறான், பாகற்காயை மோரில் ஊறவைக்கிறான். எல்லாம் யூடியூப் புண்ணியம். கடைக்கு வருகிறவர்களிடமும் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே இதே பேச்சுதான்: “எம் பொண்ணு முள்ளங்கி துன்னும் சார்!” வண்டி சீக்கிரம் ரெடியானால் போதும் என்று அவர்களும் தலையாட்டிவைப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவனும் மனைவி ஷீலாவும் பிரிந்துவிட்டார்கள். எதற்காகப் பிரிந்தோம் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே இப்போது சரியாகச் சொல்லத் தெரியாது. வாய்க்கு வாய் பேசி வளர்ந்த சண்டை. யாராவது ஒருவர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம், வரவில்லை. குழந்தை யாரிடம் வளர்வது என்று கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழ்நிலா அவனிடம். காலையில் ஷீலா கோபாலபுரத்திலிருந்து கொண்டுவந்து விடுவாள். மதியச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு வந்து அழைத்துப் போவாள்.

“கட பரோட்டாவ வாங்கிக் குடுத்தே புள்ள வயித்தக் கெடுத்துடுவாரு” என்று ஷீலா கோர்ட்டில் சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. செய்து காட்டுகிறேன் பார் என்ற வீம்பில்தான் காய்கறிக் கடைக்குப் போனான். குழந்தையும் அவன் மானத்தைக் காப்பாற்றினாள். சுரைக்காயோ கோவைக்காயோ, எதை வைத்தாலும் தட்டு காலி.

போன வாரம் வாசல் கேட்டில் நின்றபடி ஷீலாவே கேட்டுவிட்டாள்.

“வீட்டுல ஒரு பீன்ஸ் துண்டு கூட வாயில வைக்க மாட்டேங்கிறா. கெஞ்சியும் பாத்துட்டேன், ரெண்டு அடி போட்டும் பாத்துட்டேன். இங்க மட்டும் எப்படிச் சாப்புடுறா? அப்படி இன்னாதான் போட்டுச் செய்றீங்க?”

“பாசத்தப் போட்டுச் செய்றேன்,” என்றான் அவன்.

குழந்தையின் செருப்பு வாரை மாட்டிவிடுகிற சாக்கில் குனிந்த ஷீலா நிமிர வெகுநேரம் ஆயிற்று. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவள் தெருமுனை திரும்பும்போதே அவனுக்குத் தோன்றியது. வழக்கென்று வந்தபிறகு இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

“அக்கா, ஒரு ஒத்தாச பண்ணணும்,” என்றான் இப்போது ஷகீலாவிடம். “அடுத்த வாய்தாவுக்கு நீங்க வந்து ஜட்ஜம்மா கைல ஒரு வார்த்த சொல்லணும். புள்ள எங்கிட்ட எப்படித் துன்னுதுன்னு நீங்கதான் கண்ணால பாக்குறீங்களே.”

ஷகீலா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சொல்றதுக்கு இன்னா தம்பி, சொல்லலாம். ஆனா பெத்தவகிட்டேர்ந்து புள்ளயப் பிரிக்கிற பாவத்துல எனக்கு எதுக்குப் பங்கு?”

“எங்கிட்டேர்ந்து பிரிச்சா மட்டும் பாவம் இல்லியாக்கா?”

ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. சுவரொட்டிய போர்ஷனில் இருக்கிற அவளுக்குத் தெரியாததா? அவள் பார்வையைக் குழந்தையின் தட்டுக்குத் திருப்பிக்கொண்டாள்.

“சரி, வராட்டி போங்க. வீடியோ கீது.”

செல்போனை எடுத்துக்கொண்டு குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தமிழ்நிலா கண்ணை இறுக்க மூடி ஒரு வாய் விழுங்கினாள். உடனே தண்ணீர் குடித்தாள். மறுபடி ஒரு வாய்.

“பாத்தீங்களாக்கா, எப்படி ரசிச்சுச் சாப்புடுதுன்னு!”

“மெதுவா துன்னு பாப்பா, பொர ஏறிடப் போவுது,” என்றாள் ஷகீலா.

குழந்தை காதில் வாங்கவில்லை. கடைசித் துண்டையும் வாயில் போட்டு, தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

சித்தார்த்தன் இதோடு நிறுத்தியிருக்கலாம். வக்கீலுக்கு இவ்வளவே போதும். ஆனால் ஆசை யாரை விட்டது?

“நிலாக்குட்டி, இனிமே அப்பா வீட்லயே இருந்துடுறியா? டெய்லி இதே மாதிரி செஞ்சு தரேன்.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. “அம்மா?”

“அம்மா அவங்க வீட்ல இருப்பாங்க. எப்பனா வந்து பாத்துட்டுப் போவாங்க.”

தமிழ்நிலாவின் உதடு பிதுங்கியது. காலித் தட்டை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“நான்தான் எல்லாத்தையும் சாப்ட்டேனே! மொத தபா இங்க வந்தப்ப நான் அழுதேன்ல, அப்ப நீதானப்பா சொன்ன, நான் எவ்ளோ காய் சாப்புடுறேனோ அவ்ளோ சீக்கிரம் அம்மா வந்து கூட்டிக்கினு போயிடுவாங்கன்னு!”