ஃபிரேமுக்குள் ஒரு கை

“கட்! யாருய்யா அது, பின்னாடி வீட்டு மாடியில?”

டைரக்டர் மானிட்டரை விரலால் தட்டினார். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி துப்பறியும் டிவி தொடர் அது. இந்த வார எபிசோடில், காணாமல்போன தோழியைத் தேடி ஒரு தெருவுக்கு வருகிறாள். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து நடுரோட்டில் நின்று கத்த வேண்டும்:

“உள்ளே யாராவது இருக்கீங்களா? இருந்தா கையைக் காட்டுங்க!”

கேமரா அவள் முகத்தைப் பார்த்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், எதிர்சாரி வீட்டு மாடியில், சாத்திய கண்ணாடி ஜன்னலுக்குள் யாரோ ஒரு பெண். சிலை மாதிரி நின்றிருந்தவள், நாயகி கத்தி முடித்ததும் மெல்லக் கையைத் தூக்கினாள்.

“வேடிக்கை பார்க்கிற ஜனம் சார். கேமராவைக் கண்டா கை தானா ஆடும்” என்றாள் கன்டினியூட்டி அக்கா. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் சட்டைப் பொத்தான்கூட மாறாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று யூனிட்டில் பெயர்.

மறுபடி டேக். அதே வசனம். அதே கை.

ஆடவே இல்லை அந்தக் கை. வகுப்பில் ‘உள்ளேன்’ சொல்லும் பிள்ளை தூக்குகிற மாதிரி நேராக நின்றது. முகத்தில் துளி சிரிப்பு கிடையாது. அக்கா மானிட்டருக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

“வெளிச்சம் போகுது. போய் மறைக்கச் சொல்லும்மா” என்றார் டைரக்டர்.

அக்கா ரோட்டைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள். இஸ்திரி கலையாத சட்டையோடு ஒரு மனிதர், கதவைப் பாதி மட்டும் திறந்தார்.

“சார், ஷூட்டிங்லேர்ந்து வர்றேன். உங்க மாடி ஜன்னல்ல ஒருத்தங்க நிக்கிறாங்க. கொஞ்சம் திரையை இழுத்து விட்டீங்கன்னா புண்ணியமா போகும்.”

“அடடா, என் ஒய்ஃப்தாங்க. கொஞ்சம் உடம்பு சரியில்லை. உங்களுக்குத் தொந்தரவாயிடுச்சே” என்று உருகிப்போனார் மனிதர். “இதோ, ஒரே நிமிஷம்.”

மாடியில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. வேலை அவசரத்தில் அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ரோட்டைத் தாண்டித் திரும்புவதற்குள் ஜன்னலில் திரை விழுந்துவிட்டது.

“ஆக்‌ஷன்!”

“உள்ளே யாராவது இருக்கீங்களா? இருந்தா கையைக் காட்டுங்க!”

மானிட்டரில், மூடிய திரைச்சீலை மெதுவாக வீங்கியது. துணிக்குள்ளிருந்து ஐந்து விரல்கள் அழுந்தித் தெரிந்தன.

லைட்மேன் “ஐயோ!” என்று பின்வாங்கினார்.

“காத்துய்யா. ஷாட் ஓகே!” என்றார் டைரக்டர்.

நாயகி ஓடிவந்து மானிட்டரைப் பார்த்தாள். முந்தைய டேக்குகளையும் போடச் சொன்னாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளிறியது.

“அக்கா, ஜன்னல் சாத்தியிருக்கு. காத்து எப்படி வரும்?”

“விடு பாப்பா, யாரோ விளையாடறாங்க.”

“விளையாடறவங்க எப்ப வேணா கையாட்டுவாங்க. இவங்க நான் கேட்டா மட்டும்தான் தூக்கறாங்க. எனக்குப் பதில் சொல்றாங்கக்கா!”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “பாப்பாவுக்கு கேரக்டர் தலைக்கேறிடுச்சு” என்றார் மேக்கப்மேன். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

“நீ என்ன துப்பறியணும்னு ரைட்டர் எழுதித் தருவார். அடுத்த ஷாட்டுக்கு வா!” டைரக்டர் குரலை உயர்த்தினார்.

“இதை முடிக்காம நான் நடிக்க மாட்டேன் சார்.”

என்ன திமிர் என்று எல்லோரும் வாய்விட்டே முணுமுணுத்தார்கள். அவள் காதிலேயே வாங்காமல் எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேர்கீழே போய் நின்றாள். கேமரா ஓடவில்லை. மைக் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

“உள்ளே யாராவது இருக்கீங்களா?”

திரை விலகியது. இந்தத் தடவை இரண்டு கைகள். கண்ணாடியில் அறைந்தன. அந்த மந்தமான சத்தம் தெருவில் வந்து விழ விழ, லைட்மேன் போலீஸுக்குப் போன் போட்டார்.

போலீஸ் வந்தது. மாடி அறை வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. “உடம்பு சரியில்லைங்க, அதான்...” என்று இஸ்திரிச் சட்டைக்காரர் கடைசிவரை அதே மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறும்போது சட்டையைக்கூட நீவிவிட்டுக்கொண்டார்.

இந்தப் பக்கம் டைரக்டர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க யூனிட்தாங்க கண்டுபிடிச்சது. எங்க ஆளுங்களுக்குக் கழுகுக் கண்ணு!”

போர்வையைச் சுற்றி அந்தப் பெண்ணை வெளியே அழைத்துவந்தார்கள். வெளிச்சத்துக்குக் கண் கூச, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அழுதுகொண்டு நின்ற நாயகியைத் தாண்டிப்போனாள். நேராக அக்காவிடம் வந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல்கள் வெறும் எலும்பாக இருந்தன.

“நீங்க ரோட்டைத் தாண்டி வர்றதை ஜன்னல்லேர்ந்து பார்த்தேம்மா. எனக்காக இந்த வீட்டுக் கதவைத் தட்டின முதல் ஆள் நீங்கதான். நமக்கும் ஒருத்தங்க வந்துட்டாங்கன்னு அந்தத் தைரியத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் பெண் விடவில்லை.

“என்னைப் பத்தி அவர்கிட்ட என்னம்மா கேட்டீங்க?”