சிவப்புச் சட்டை விசாரணை

"யார் யார் இருக்காங்க, எங்க எங்க உட்கார்ந்திருக்காங்கன்னு முதல்ல எழுதுங்க. அப்புறம்தான் நான் வாயைத் திறப்பேன்" என்றாள் லினேயா.

அலுவலகக் காரியதரிசி டார்லீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதினாள். மேசைக்குப் பின்னால், முதல்வர் லண்ட்கிரென். ஜன்னலோரம், வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு கோச்சான பெக்கர்ட். கதவருகே, பதினோராம் வகுப்பு லினேயா. அவளுக்குப் பக்கத்தில் பெற்றோருக்கான நாற்காலி. காலி.

"பெற்றோர் தரப்புல என்ன எழுத?"

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. அப்பா எனக்காகப் பேச மாட்டாரு. அப்படியே எழுதிக்கங்க."

"எழுதிக்கோங்க" என்றார் முதல்வர். "இப்ப குற்றச்சாட்டு."

குற்றச்சாட்டு இதுதான். போன வெள்ளிக்கிழமை, பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் நாள், வருடத்தின் பெரிய ஆட்டம். அன்று எல்லோரும் அணியின் சிவப்பு நிறத்தில் வர வேண்டும். லினேயா, நெஞ்சில் 'ஃபுட்பால் போரடிக்குது' என்று கொட்டை எழுத்தில் எழுதிய சட்டையோடு வந்தாள். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், தேவாலயத்தில் செல்போன் அடித்தால்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மாட்டார்கள்.

"மூணு நாள் சஸ்பென்ஷன் போடுங்க" என்றார் கோச். "சஸ்பென்ஷன்ல இருக்கிற ஆளு பேண்டுல வாசிக்க முடியாது. சனிக்கிழமை மாநிலப் போட்டிக்கு அந்த டிரம்பெட் இல்லாமயே போகட்டும்."

லினேயா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு மாநிலப் போட்டிக்குத் தேர்வானது இதுதான் முதல் தடவை. தனி வாசிப்பு அவளுடையது. இன்று வியாழன்.

"சார், ஆட்சேபணை. தீர்ப்பை ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்க. காலையில ஏழு மணிக்கே உங்க முகத்துல தெரிஞ்சுது."

"என் முகம் எப்பவும் அப்படித்தான். மேல பேசு."

"சட்டை என்ன நிறம்?"

முதல்வர் குறிப்பைப் புரட்டினார். "சிவப்பு."

"அப்ப விதிப்படிதான் வந்திருக்கேன். அடுத்தது எழுத்து. அரசாங்கப் பள்ளிக்கூடத்துல என் கருத்தை நான் சொல்லலாம். பாடம் நடக்கறதைக் கெடுத்தாத்தான் தடுக்க முடியும். கோச் சார், எந்த வகுப்பு நின்னுச்சு?"

"பசங்க மனசு ஒடைஞ்சு போச்சு! நாப்பத்திரண்டுக்கு பூஜ்யம்னு தோத்தோம்!"

"அதுக்கு முந்தின வாரம்?"

கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டார்லீன்தான் எழுதிக்கொண்டே சொன்னாள்: "நாப்பத்தஞ்சுக்கு மூணு."

"அப்ப நான் சாதாரணச் சட்டையில இருந்தேன். நான் பேண்டுல இருக்கறவ, கோச் சார். ரெண்டு வருஷமா உங்க ஆட்டத்துக்கெல்லாம் வாசிக்க வந்து, ஒண்ணு விடாம பெஞ்சுல குளிர்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன். போரடிக்குதுன்னு சொல்ல இந்த ஊர்ல என்னைவிடத் தகுதி யாருக்கு?"

"பார்த்தீங்களா கொழுப்பை!"

"கொழுப்பு தனிக் குற்றச்சாட்டு" என்றார் முதல்வர். "அதை நோட்டீஸ்ல போடலை. வகுப்பு நின்னுச்சா, கோச்?"

"நிக்கலை."

"அடிதடி?"

"இல்லை. சொல்லப்போனா ரெண்டு மூணு பேரு அந்தச் சட்டை எங்க கிடைக்கும்னு கேட்டாங்க." அதைச் சொல்லும்போது அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

முதல்வர் பேனாவை மூடினார். "குற்றச்சாட்டு தள்ளுபடி. சஸ்பென்ஷன் இல்லை."

லினேயா துள்ளி எழுந்தாள். கோச் தொப்பியை மாட்டிக்கொண்டு, கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பினார்.

"ரொம்பத் துள்ளாதேம்மா. விசாரணைன்னு நடந்தா, முடிவு எதுவானாலும் வீட்டுக்குக் கடிதம் போகும். உங்க அப்பாவோட சட்டம் ஊருக்கே தெரியுமே!" கூரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

லினேயா பொத்தென்று உட்கார்ந்தாள். அப்பா போன மாதமே அம்மா முன்னால் சொல்லியிருந்தார்: பள்ளியிலிருந்து கடிதம் என்று ஒன்று வீட்டுக்கு வந்தால் காரணமெல்லாம் கேட்க மாட்டேன், அந்த வாரம் வீட்டைவிட்டு ஒரு அடி நகர முடியாது.

"சார், கடிதம் அனுப்பாம இருக்க முடியாதா?"

"விதி விதிதான். இவ்வளவு நேரம் நீதானே விதி விதின்னு பிடிச்சுக்கிட்டே?"

"அப்ப அப்பா மேல எங்க போய் முறையிடறது?"

"எங்கயும் முடியாது. அரசியல் சாசனம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். அப்பாவை இல்லை. கிளாஸுக்குப் போ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். டார்லீன் கடிதத்தை அடித்து, உறையில் முகவரி எழுதிக் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு தெரு தள்ளிதானே வீடு? போற வழியில நானே கொடுத்துடறேன் சார். இன்னைக்கே விஷயம் முடிஞ்சிரும்."

"வேண்டாம். சாதாரணத் தபால்ல போகட்டும்."

"இங்க போடற கடிதம் ஒமாஹா நகரம் வரைக்கும் போய், அங்க ஊர்வாரியாப் பிரிச்சு, திரும்பி வரணும். திங்கட்கிழமை ஆயிடும். போட்டியே முடிஞ்சிருக்கும்!"

"ஆகட்டும்." முதல்வர் கையெழுத்திட்டு, கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் செருகினார்.

"அதுக்குள்ள வீட்டுல மேடம் உங்களைக் கேட்டா?"

"தபால் வந்து சேராம, என் பொண்ணு ஸ்கூல்ல என்ன பண்ணினான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் லண்ட்கிரென், உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டி, தபால் பைக்குள் போட்டபடி.