வழக்கமான அறை

அவர் பெட்டியோடு உள்ளே நுழைந்ததுமே ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் புன்னகைத்தாள்.

"வாங்க சார். அதே ரூம்தானே?"

ஒரு கணம் தயங்கியவர், "அதே ரூம்தான்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

அறையில் இரண்டு தலையணைகளும் சர்க்கரை போடாத காபியும் தயாராக இருந்தன. "சட்டையைக் கொடுங்க சார், மீட்டிங்குக்கு முன்னாடி இஸ்திரி போட்டுத் தந்துடறேன்" என்றார் பணியாளர்.

ஜிம்முக்குப் போனார். "டிரெட்மில்ல இன்னைக்காவது மெதுவா ஓடுங்க சார். நீங்க நெஞ்சைப் பிடிச்சா எனக்குப் பக்குனு ஆகுது" என்றார் பயிற்சியாளர்.

அவர் ஓடவில்லை. அந்த இயந்திரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலாளரைத் தேடிப் போனார்.

"சார், போன மாசம் உங்க ஜிம்ல விழுந்து இறந்துபோனாரே, அவரோட தம்பி நான். நாங்க இரட்டைப் பிள்ளைங்க. அண்ணன் கடைசியா இருந்த இடத்தைப் பார்க்கணும்னு வந்தேன். உங்க ஆளுங்க என்னை அவர்னே நினைச்சுப் பேசறாங்க. பாவம், அவர் இறந்த விஷயத்தை நீங்க சொல்லலையா?"

"அவரை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதே அவங்கதான் சார்."

அவருக்குக் குழப்பமாக இருந்தது. "அப்போ என்னைப் பார்த்து ஒருத்தர்கூடத் திடுக்கிடலையே?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"இறந்த மறுவாரம் உங்க அண்ணனே பெட்டியோட வந்து நின்னப்போ திடுக்கிட்டாங்க சார். இப்போ எல்லாருக்கும் பழகிப்போச்சு."